லண்டன் மூடுபனியும் உடப்புசல்லாவை மழையும்

லண்டனில் மூடுபனி விழுந்தால் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவர் வைத்திருந்த மளிகைக் கடையில் ரேடியோ இருந்தது. வேலை விட்டதும் அப்பா அங்கே போய் நின்று கேட்டுவந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒப்பிப்பார். தோட்டத்தைத் தாண்டாத எனக்கும் எந்த நாட்டில் ரயில் கவிழ்ந்தது, எந்த ராஜாவுக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அத்துப்படி.

ஐம்பதுகளில் ஓர் அடைமழைக் காலம். அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த உடப்புசல்லாவைப் பக்கம் மலை சரிந்துவிட்டதாகக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ சொன்னார்கள். அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பெத்த வயிறு பத்தி எரியுதுங்க. எம்புள்ளையப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

"பொறு. ஏதாச்சும்னா கேதஞ் சொல்ல ஆள் வந்திருக்கும்ல? ரேடியோவுலயும் ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல காத்தடிச்சதச் சொல்றான், இந்தா இருக்குற உடப்புசல்லாவையச் சொல்ல மாட்டானா?" என்றார் அப்பா.

எங்களில் சாவு என்றால் ஆள் அனுப்பித்தான் சொல்வது. பாதை அறுந்து கிடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆள் வரவில்லை, ரேடியோவும் சொல்லவில்லை என்று அப்பா நிம்மதியாகச் சோறு தின்றார். அம்மா தட்டைத் தொடவில்லை.

நான் பொறுக்கமாட்டாமல் நானாவிடமே போய்க் கேட்டேன்.

"ஏன் நானா, நம்ம மலையப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்குறாங்க?"

"தேயில குடிக்கிறவன் ஊருச் சேதிதான் வரும் மகள். பறிக்கிறவங்க மவுத்தானா யாருக்கு என்ன நட்டம்?"

அவரை அறையலாம் போலிருந்தது. மனுஷன் உள்ளதைத்தான் சொன்னார், அதுதான் எரிச்சல்.

மழை விட்டு பஸ் ஓடத் தொடங்கியதும் அம்மாவின் அழுகை தாளாமல் மூவரும் போனோம். அக்காவின் லயம் இருந்த இடத்தில் வெறும் சேறு. அத்தான் மொட்டைத் தலையோடு நின்றார். அம்மாவுக்கு அந்தத் தலையே போதும், அப்படியே சேற்றில் விழுந்தாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடாமல் எங்களில் தூக்கமாட்டார்கள். பொழுது சாயும்வரை எங்களுக்காக வைத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து லயத்தார் போட்ட சேலையோடு அக்காவைப் புதைத்திருக்கிறார்கள். பாவி மகள், எங்கள் கை படாமலே போய்விட்டாள்.

அத்தான் அழவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

"ஆள் அனுப்புனேன் மாமா, பாதையில்லாமத் திரும்பி வந்துட்டான். சரி, இம்புட்டுப் பேரு செத்திருக்கோம், ரேடியோவுல சொல்லாமயா இருப்பாங்க, கேட்டுட்டு ஓடி வந்துருவாங்கன்னு நெனச்சேன். கேட்டுட்டும் ஏன் மாமா நீங்க வரல?"