அக்கா கேட்ட மீன்சோறு

இந்த முதலாண்டு நினைவு மலரின் அட்டையில் அக்காவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் சேலை, நெற்றியில் திருநீறு, சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒரு முகம். கண்கள் கமெராவைப் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் மணிக்கூடு கட்டிய ஒரு கை தட்டொன்றை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கையை வெட்டிவிடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். வெட்டினால் அக்காவின் தோளும் சேர்ந்து போய்விடும், விட்டுவிடுங்கள் என்றேன். அது முதியோர் இல்லத்தில் ஒரு திவசச் சாப்பாட்டின்போது எடுத்த படம். கை யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலேரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டில் பிறந்தார். ஐயா வள்ளத்தில் தொழிலுக்குப் போய் வந்தவர். அவருக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள்: அக்கா, நான், இப்போது லண்டனில் இருக்கும் தம்பி. தம்பியைப் பெற்றபின் அம்மா படுக்கையில் விழுந்தார், எழும்பவில்லை. அக்காவின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. வள்ளம் கரைக்கு வரும்போது அக்கா கூடையோடு நிற்பார். நல்ல மீன் விற்பனைக்குப் போகும், மிஞ்சிய ஓராவும் திரளியும் எங்கள் சட்டிக்கு வரும். அந்த மிஞ்சல் மீனில் அக்கா வைத்த குழம்பைத் தின்றுதான் நான் ஆசிரியை ஆனேன், தம்பி விமானம் ஏறினான்.

அக்கா கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று இந்த மலரை வாசிக்கும் மாமிமார் இனியாவது கேட்காமல் இருங்கள். அன்றைக்கு உங்களில் ஒருவரும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு எங்கள் படலையைத் திறக்கவில்லை.

சண்டையில் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, எங்களுக்கு ஐயாவும் இல்லை. அக்கா திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சமைத்தார். பிறகு கொக்குவிலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டுக்குப் போனார். யாருக்குப் பல்லில்லை, யாருக்குச் சீனி வருத்தம், யார் புட்டென்றால் மட்டும் வாய் திறப்பார் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். செவ்வாயும் வெள்ளியும் சைவம், மற்ற நாட்களில் மீன். ஐயாவோடு தொழில் செய்தவர்களின் பிள்ளைகள் கொழும்புத்துறையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து, சமையற்கட்டு வாசலில் மீன்பையை வைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணீருக்குக்கூட நிற்காமல் போவார்கள். அதைத் தானம் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

அக்காவின் முழங்கால்கள் ஓய்ந்தபோது, மகளோடும் மருமகனோடும் நான் இருக்கும் வீட்டுக்கு வரும்படி கேட்டேன். "வேண்டாம் பிள்ளை. உன்ரை மருமகன்ரை முகத்தைப் பாத்துப் பாத்துச் சாப்பிட என்னாலை ஏலாது. நான் சமைச்ச இடத்திலை இனி நான் இருந்து சாப்பிடுறன்" என்றார். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

அக்கா சாப்பிட உட்கார்ந்தபோது அந்தச் சமையற்கட்டு மாறிப்போயிருந்தது. இல்லத்து அலுவலகச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்கும். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் நீலப் பேனையால் ஒரு பெயர் எழுதியிருக்கும். அவற்றில் ஒன்றுகூட இல்லத்தில் இருப்பவர்களுடையதல்ல, எல்லாம் செத்தவர்களுடைய பெயர்கள். கனடாவில் இருப்பவரின் தகப்பன், சுவிஸில் இருப்பவரின் மாமியார், கொழும்பில் இருப்பவரின் தமையன். அவர்களுடைய திவசத்துக்கு இல்லத்தில் ஒரு மதியச் சாப்பாடு. திவசமென்றால் சைவம், சைவமென்றால் வடையும் பாயாசமும். கொடுக்கிறவர் ஒவ்வொருவருக்கும் அது வருடத்தில் ஒரே ஒரு நாள். உள்ளே இருப்பவர்களுக்கு அதுவே தினமும். கொடுத்தவர்களில் ஒருவருக்கும் இது மண்டையில் ஏறவில்லை. நானும் அவர்களில் ஒருத்தி.

கொழும்புத்துறையிலிருந்து மீன் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். திவச நாளில் மீன் மச்சம் உள்ளே வரக்கூடாதாம். திவசமில்லாத நாள் என்று ஒன்று அந்தச் சுவரில் இல்லை. கொஞ்சநாளில் அவர்களும் வருவதை விட்டார்கள்.

அந்தச் சாப்பாடு எப்படிக் கொடுபடும் என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் பதாகை கட்டுவார்கள். செத்தவரின் முகம், சுற்றிவரப் பூ. பிறகு எல்லாருக்கும் பரிமாறுவார்கள், ஆனால் ஒருவரும் கை வைக்கக்கூடாது. வெளிநாட்டுக்கு வீடியோ அழைப்புக் கிடைக்க வேண்டும். அது கிடைக்கும் வரைக்கும் சோறு ஆறும், இலையான் மொய்க்கும், பாயாசத்தில் ஆடை படியும். நடுங்கும் கையோடு இருப்பவர்களும் தட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சீனி வருத்தக்காரரும் பாயாசக் கோப்பையை நெஞ்சுக்கு நேரே காட்ட வேண்டும்.

ஒருநாள் படமெடுக்க வந்தவர் அக்காவிடம், "ஆச்சி, கொஞ்சம் சிரியுங்கோ, லண்டனிலை பாத்துக்கொண்டு இருக்கினம்" என்றார்.

"செத்தவற்றை படத்துக்கு முன்னாலை இருந்துகொண்டு என்னெண்டு தம்பி சிரிக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் விமலா கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருபவள். மிஞ்சும் வடை பாயாசத்தை வேலையாட்கள்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். "அக்கா, பாயாசம் எண்டாலே என்ரை பிள்ளையள் ஓடி ஒளிக்குதுகள்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாளாம். அக்கா மீனுக்கு ஏங்குவதைக் கண்டு, ஒருநாள் தன் சாப்பாட்டுப் பெட்டியில் திரளிக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதில் பாதியைப் பக்கத்துக் கட்டில் தங்கரத்தினம் அம்மாவுக்குக் கொடுத்துத் தானும் சாப்பிட்டார்.

அன்றைய திவசக்காரர் கை கழுவ வந்த இடத்தில் தட்டோரம் கிடந்த முள்ளைக் கண்டுவிட்டார்கள். பட்டுச்சேலை உடுத்த ஒரு பெண், "எங்கடை அப்பான்ரை நாளிலை மச்சமோ!" என்று கத்தினாள். மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மண்டபம் முழுக்கத் தெளித்தாள். கதிரைகளில் இருந்த கிழவர்களின் கால்களிலும் தெளித்தாள். அவர்கள் கால்களை இழுத்துக்கொண்டார்களாம். தகப்பனுக்குப் புண்ணியம் தேட வந்தவள், உயிரோடு இருப்பவர்களைத் தீட்டாக்கிவிட்டுப் போனாள்.

விமலாவை இரண்டு கிழமை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். அக்கா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

"அவள்மேலை பிழையில்லை. நான்தான் கேட்டு வாங்கினனான். அனுப்பிறதெண்டால் என்னை அனுப்புங்கோ."

"உங்களை எங்கையம்மா அனுப்பிறது?" என்று நிர்வாகி கேட்டாராம். அவர் கெட்ட மனிதரல்ல. ஆனால் அந்தக் கேள்வியை அக்கா என்னிடம் மூன்று தரம் சொன்னார்.

"அப்ப மாதத்திலை ஒரு கட்டமாவது எழுதாமல் விடுங்கோவன்" என்றும் அக்கா கேட்டிருக்கிறார். குடுக்கிறவை மனம் நோவினம் என்பதுதான் கிடைத்த பதில். அன்று முதல் திவசச் சாப்பாடு வந்தால் அக்கா வெறும் சோறும் சம்பலும் வாங்கிக்கொள்வார். கேட்பவர்களுக்கு, விரதம் என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சுவரில் எனக்கும் ஒரு கட்டம் இருந்தது. என் கணவரின் திவச நாள். அவரும் ஆசிரியர், அக்கா அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அந்த நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் பார்க்கப் போயிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, மாஸ்டற்றை நாளை எங்களுக்குத் தாவன்."

"என்னக்கா கதைக்கிறியள்? வழமைபோலை சாப்பாடு தருவன்தானே."

"மீன் தாவன். விமலா சமைப்பாள். எல்லாரும் இருந்து ஒரு நேரம் வாய்க்கு ருசியாச் சாப்பிடுவம்."

"அவற்றை திவசத்திலை மச்சமோ? சனம் காறித் துப்பும்."

"மாஸ்டர் இருக்கேக்கை மீனில்லாமல் ஒரு பிடி சோறு தின்னேல்லையடி. செத்தாப் பிறகு நீங்கள் அவரைச் சைவமாக்கிப் போட்டியள்."

நான் சிரித்து மழுப்பிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அந்தக் கிழமை பதாகை கட்டினேன். வடை கொடுத்தேன், பாயாசம் கொடுத்தேன். அக்கா அன்று விரதம் என்று சொல்லவில்லை. நான் கொடுத்தேன் என்பதற்காக இரண்டு கரண்டி பாயாசம் குடித்தார். படமெடுக்கும்போது தட்டை நீட்டியது நான்தான். அட்டையில் இருக்கும் கை என்னுடையது.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் என்று அக்காவை ஆசுபத்திரியில் சேர்த்தோம். கடைசிக் கிழமை குழாய் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போனது. மீனைப் பற்றி அக்கா மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரு விடியற்காலை மூச்சு அடங்கியது.

எட்டாம் நாள், எங்கள் குடும்ப வழக்கப்படி எட்டுச் செலவுப் படையல் செய்தோம். அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் என்று ஆளுக்கொன்றாகச் சமைத்துக் கொண்டுவந்தீர்கள். ஓராக் குழம்பு, திரளிப் பொரியல், நண்டு, இறால், கணவாய். வாழையிலை நிறைந்து வழிந்தது. "அக்காவுக்கு ஓரா எண்டால் உயிரல்லோ" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். அதற்கு முந்தைய வருடங்களில் அவரும் அந்த இல்லத்துக்கு வடை பாயாசம் கொடுத்தவர்தான். உயிரோடு இருந்து கேட்டவருக்கு எங்கள் கையால் ஒரு துண்டு கிடைக்கவில்லை, படத்துக்கு முன்னால் ஒரு கடலே கிடந்தது. நான் கிணற்றடிக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். களைப்பு என்று நினைத்து எனக்குச் சோடா கொண்டுவந்து தந்தீர்கள். அது களைப்பல்ல. எனக்கு உங்கள் எல்லார் மீதும் அருவருப்பாக இருந்தது, எல்லாரையும்விட என்மீது.

முப்பத்தோராம் நாளுக்குத் தம்பி லண்டனிலிருந்து போன் எடுத்தான்.

"சின்னக்கா, இல்லத்திலை அக்கான்ரை பெயராலை ஒரு சாப்பாடு குடுப்பம். பதாகையெல்லாம் அடிச்சுப் பெரிசாச் செய்யுங்கோ."

"என்ன சாப்பாடு?"

"வேறை என்ன, வடை பாயாசத்தோடைதான்."

நான் போனை வைத்துவிட்டேன். அவனுடைய பிழை என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு அக்காவின் குழம்பு ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்கும் வாய் ஒன்று இருந்தது என்பதுதான் ஞாபகத்தில் இல்லை.

இந்த வருடம் என் கணவரின் நாள் வருவதற்கு முன் இல்லத்து அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் அவருடைய பெயர் எழுதியிருந்த கட்டத்தை நானே பேனையால் வெட்டி, "மீன்" என்று எழுதினேன்.

நிர்வாகி எழும்பிவிட்டார். "ரீச்சர், மற்றவை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"அவருக்கு மீன் பிடிக்கும் எண்டு சொல்லுங்கோ."

விமலா கரைக்குப் போய்ச் சொன்னாள். ஐயாவின் வள்ளத்தை அறிந்த குடும்பங்கள் விடிய முதல் மீனோடு வந்து நின்றன. இந்த முறை தேத்தண்ணீருக்கு மட்டுமல்ல, சாப்பாட்டுக்கும் நிற்கச் சொல்லி மறித்தோம். விமலாவும் மற்ற வேலையாட்களும் சமைத்து, முள்ளெடுக்க முடியாதவர்களுக்கு முள்ளெடுத்துக் கொடுத்து, அவர்களோடேயே இருந்து சாப்பிட்டார்கள். வேலையாட்கள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அன்றுதான் கண்டேன். பதாகை இல்லை. சோறு சுடச்சுட இருந்தது.

தங்கரத்தினம் அம்மா பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து, "இண்டைக்கு ஆரின்ரை திவசம்?" என்று பயந்துகொண்டு கேட்டார்.

"ஒருத்தற்றையும் இல்லையம்மா. சாப்பிடுங்கோ" என்றாள் விமலா.

"அப்ப இன்னொரு துண்டு போடு."

முறைப்படி இந்த இடத்தில் நான் நன்றி சொல்ல வேண்டும். அக்காவைக் குளிப்பாட்டி, சீப்பால் தலை இழுத்து, தன் வீட்டுச் சட்டியிலிருந்து அவருக்கு மீன் கொண்டுவந்து, அதற்காகத் தண்டனையும் பெற்ற விமலாவுக்கு நன்றி. தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்ன கொழும்புத்துறைக் குடும்பங்களுக்கு நன்றி. ஆசுபத்திரியில் முறை வைத்து அக்காவுடன் நின்ற அயலவர்களுக்கு நன்றி. வடை பாயாசம் கொடுத்தவர்களுக்கு என்னால் நன்றி சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள். உங்களில் பலருக்கு அந்தச் சுவரில் ஒரு கட்டம் இருக்கிறது. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க முதல் உள்ளே போய், என்ன சாப்பிட ஆசை என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் அவர்கள் சொல்வார்கள். அக்கா சொன்னார்.

மீன் சமைத்த நாளில் நாங்கள் ஒருவரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அதில் அக்கா இருந்திருக்க மாட்டார். அதனால்தான் அட்டைக்குப் பழைய படம். வாசித்து முடித்தபின் மலரைத் திருப்பி அதை இன்னொரு தரம் பாருங்கள். அக்கா கமெராவையும் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. தட்டை நீட்டிக்கொண்டு நின்ற என்னைத்தான் பார்க்கிறார்.

உடன்பிறந்த தங்கை