குண்டு மிஷினின் இடது பக்கம்

எங்கள் வீட்டுக் குண்டு மிஷினைச் சரிசெய்ய நாமக்கல்லில் ஒரு லாரி பாடிப் பட்டறையைத்தான் பிடித்தேன். வேறு யாரிடம் போவது? இரும்புக் குண்டு கீழே விழுந்துவிடாமல், இரண்டு பக்கமும் பொத்தானை அமுக்கி மேலே தட்டிவிடும் இந்தப் பின்பால் மேசையைச் சேலத்தில் பாதிப் பேர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஏற்காட்டில் ஒரு ஓட்டலை மூடியபோது அப்பா அதை வாங்கிவந்து கூடத்தில் போட்டார், மாதா படத்துக்கு நேர் கீழே. அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

உள்ளே இருந்த ஒயர் வேலையை நானே பார்த்துக்கொண்டேன். எனக்குக் கைவராதது பெட்டிதான். அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

இடது பொத்தான் அக்காவுக்கு, வலது எனக்கு. சின்ன வயதில் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் கை எட்டாது என்பதால் அப்படி ஆரம்பித்தது. கல்லூரிக்குப் போன பிறகும் நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. நான் விரல் நுனியால் ஆடுகிறவன். அவள் மொத்த உடம்பையும் சாய்த்து ஆடுவாள், தோற்றால் மிஷினைத் திட்டுவாள். அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு, இடது பொத்தானைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

பிறகு தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு புனே போனாள். அப்பா இருக்கும்வரை வரவில்லை. அவர் போன பிறகும் வரவில்லை. இருபத்தாறு வருடம். அந்தத் தேய்ந்த இடத்தில் கைவைத்து நான் சும்மா நின்ற பொழுதுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவள் இல்லாத வீட்டில் அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

இந்த மே மாதம் வருகிறேன் என்று அவள் போனில் சொன்ன மறுநாளே பெட்டியை வண்டியில் ஏற்றினேன். பட்டறைப் பெயிண்டரிடம் இடது பக்கத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

"எல்லாத்தையும் புதுசு பண்ணுங்க. இந்த எடத்த மட்டும் தொடாதீங்க."

"செரிங்க," என்றார்.

எடுக்கப் போனபோது பெட்டி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. வட்டத்தைக் காணோம். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வழுவழுவென்று மெரூன் அடித்திருந்தார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. நேத்து வரைக்கும் தொடாமத்தானுங்க வெச்சிருந்தேன். எஃப்சிக்குப் போற வண்டியில ஒரு கீறலு இருந்தாலும் எங்கையி சும்மா இருக்காதுங்க. பெயிண்டு போன எடத்தோட வெளிய உட்டா எம்பேரு என்னங்க ஆவறது?"

ஆயுசு முழுக்க லாரிகளை ஆர்டிஓ ஆபீஸ் சோதனைக்குத் தேற்றி அனுப்பிய கை அது. அந்தக் கையிடம் போய்த் தேய்மானத்தை விட்டுவை என்று சொன்னது என் மடத்தனம். அப்போது அப்படித் தோன்றவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். சுரண்டச் சொன்னேன். சுரண்டினால் பட்டியும், அதற்கடியில் தேய்த்த புது மரமும்தான் வந்தன. அவர் மறுபடி பூசிக் கொடுத்தார். ராசிபுரம் தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன், ஐம்பதை நெருங்குகிற ஆள்.

அக்கா வந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. துணிப்பெட்டியைக் கீழே வைத்த கையோடு நேராக மிஷினின் இடது பக்கம் போய் நின்றாள்.

"மன்னிச்சுக்கக்கா. உன் கை பட்ட எடத்த வேண்டாம்னு சொல்லியும் பூசிட்டாங்க."

அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு சாமி," என்றாள். "அப்பா வெளிய போன்னு சொன்ன அன்னைக்கு இதப் புடிச்சிட்டுத்தான் நின்னேன். ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எடுத்தாரு. இதப் பாக்கணுமேன்னுதான் இத்தன வருசம் இந்த ஊட்டுக்கு வரவே காலு வரல."

எனக்கு அது தெரியாததல்ல. அன்று வலது பொத்தான் பக்கம் நின்றிருந்தவன் நான்தான். வாயைத் திறக்கவில்லை.