அக்கா வாடகைக்கு எடுத்த ஓடும் வீடு

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா அமைதியானவர் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், எங்கள் மூவரில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, இளம் வயதிலேயே எனக்கும் தம்பிக்கும் தாயும் தகப்பனும் ஆனார். சண்டை கடுமையான காலத்தில் வெளிநாடு போக வழி கிடைத்தது, ஒருவருக்கு மட்டும். பதினைந்து வயதுத் தம்பியை அக்கா கொழும்பு பஸ்ஸில் தனியே ஏற்றிவிட்டார். அவன் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தான். பின்னர் அக்கா அத்தானைக் கைப்பிடித்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தார், என்னையும் அழைத்துக்கொண்டார். அங்கே பாபகூராவில் முதியோர் இல்லம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். யார் சொன்னாலும் மருந்து குடிக்காத கிழவிகள் அக்காவின் ஓர் அதட்டலுக்கு வாயைத் திறந்தார்கள்.

தம்பி மட்டும் அக்காவோடு மனம் விட்டுக் கதைத்ததில்லை. ஃபோன் எடுத்தால் "ஓம், சுகம்" என்பதோடு சரி. என் மகளின் கல்யாணத்துக்கு வந்தபோதும் மோட்டலில்தான் தங்கினான். அவனுக்கென்று வாங்கிக் கட்டிலில் விரித்த புது விரிப்பை அக்கா சத்தமில்லாமல் மடித்து அலுமாரியில் வைத்தார். அக்கா சத்தமில்லாமல் செய்து நான் பார்த்த ஒரே வேலை அது.

அத்தான் காலமாகி ஒரு வருடம் கழிந்ததும் அக்கா ஒரு முடிவெடுத்தார். "தன்ரை வீட்டுக்கு அவன் கூப்பிடேல்லை. என்ரை வீட்டுக்கும் வாறானில்லை. ஒருத்தற்றையும் இல்லாத வீடு ஒண்டு எடுப்பம்" என்றார். நாங்கள் இங்கே கேம்பர்வேன் என்பதை அமெரிக்காவில் ஆர்.வி. என்கிறார்கள். அடுப்பும் கட்டிலும் குளியலறையும் வைத்த ஓடும் வீடு. ஏன் அமெரிக்கப் பாலைவனம் என்று கேட்டேன். "அங்கை உடுப்புக் காயுமாம்" என்றார். ஆக்லாந்து மழையில் இத்தனை காலம் உடுப்புக் காயப் போட்டவர்களுக்கு அந்த ஆசை விளங்கும். தம்பி தயங்கினான். "எங்களுக்கு வலப்பக்கம் வண்டி ஓடிப் பழக்கமில்லை. நீ வராட்டி நானே ஓடுவன்" என்று அக்கா சொன்னதும் வந்துவிட்டான். அவர் செய்யக்கூடியவர் என்பது அவனுக்கும் தெரியும்.

அரிசோனாவில் வண்டி எடுத்தோம். தம்பி ஓட்ட, அக்கா பக்கத்து இருக்கையிலிருந்து "பிழையான பக்கத்தாலை போறாய்" என்று முதல் நாள் முழுக்கக் கத்தினார். அதைவிட அவனை எரிச்சல்படுத்தியது இன்னொன்று. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அக்கா பின்னால் திரும்பி, "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று கேட்பார்.

"மூண்டே மூண்டு பேர், அக்கா. யாரைத் தேடுறீங்கள்?"

"கேட்டாப் பதில் சொல்லு."

நான் "ஓம்" என்பேன். அவன் பதில் சொல்லாமல் சாவியைத் திருப்புவான்.

கிராண்ட் கான்யன் விளிம்பில் நின்று, "ஆத்துத் தண்ணியோ இதை வெட்டினது? கெட்டிக்காரத் தண்ணி" என்று பாராட்டினார் அக்கா. மானுமென்ட் வேலியில், உலகமே படம் எடுக்கும் செம்பாறைகளுக்கு எதிரே கொடி கட்டி எங்கள் உடுப்புகளைக் காயப் போட்டார். இங்கே கொடி கட்டக் கூடாது என்று சொல்ல வந்தார் முகாம் பொறுப்பாளர். அவர் சட்டத்தை விளக்கி முடிப்பதற்குள் உடுப்பெல்லாம் காய்ந்துவிட்டது. அக்கா அவற்றை மடித்தபடியே அவருக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு மெசா வெர்டே. செங்குத்தான பாறைக்குள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிய கல்வீடுகள். மர ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். முழங்கால் வலியோடு அக்கா ஏற, ஒரு கையை அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்தபடி தம்பி பின்னால் ஏறினான். இங்கே இருந்தவர்கள் அழிந்துபோகவில்லை, மழை பொய்த்ததால் தெற்கே போனார்கள், அவர்களின் சந்ததியார் இன்றும் இந்த வீடுகளைப் பார்க்க வருகிறார்கள் என்றார் வழிகாட்டிப் பெண். தம்பி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்.

"ஏன் அக்கா என்னை மட்டும் தனிய அனுப்பினீங்கள்?"

அக்கா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "மூண்டு பேரையும் ஏத்த வழியில்லை. உன்னை வைச்சிருந்தா உயிரோடை வைச்சிருந்திருக்க ஏலாது. பஸ் வெளிக்கிட்டாப் பிறகு, நீ திரும்பிப் பாப்பாய் எண்டு அந்த இடத்திலையே நிண்டனான். நீ பாக்கேல்லை."

"பாத்திருந்தா இறங்கியிருப்பன்" என்றான் தம்பி.

அக்கா அவன் நரைத்த தலையைத் தடவினார். நான் அத்தனை சுற்றுலாக்காரர்களுக்கு நடுவில் நின்று அழுதேன். எனக்கு வெட்கமாகவே இல்லை.

மறுநாள் காலை அக்கா களைப்பில் பேசாமல் அமர்ந்திருந்தார். தம்பி வண்டியை எடுக்கவில்லை.

"என்னடா?" என்றார் அக்கா.

"நீங்கள் இன்னும் கேக்கேல்லை."

அக்கா கேட்டார். அவன்தான் முதலில் "ஓம்" என்றான்.

அடுத்த வருடமே அக்காவை நோய் பிடித்தது. தம்பி வந்தான், மோட்டலுக்குப் போகவில்லை. அலுமாரியில் இருந்த அந்த விரிப்பை அக்கா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கடைசி வாரங்களில் அவன் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, உப்புக் காணாது என்று ஒவ்வொரு நாளும் குறை சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கே வந்து அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், நகரின் மறுகோடி கிளென்ஃபீல்டில் இருந்து மழையிலும் சாப்பாடு சுமந்து வந்தவர்களுக்கும், அக்காவிடம் ஏச்சு வாங்கியும் அவரைப் பார்க்க வருவதை நிறுத்தாத உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. இறுதி நாளன்று தன் வானைத் தந்துதவிய பிளாட் புஷ் நண்பருக்கும் நன்றி. அக்காவின் பெட்டியை ஏற்றிய கார் முன்னே புறப்பட, நாங்கள் அந்த வானில்தான் பின்னால் போனோம். தம்பிதான் ஓட்டினான். சாவியில் கை வைத்தவன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம்" என்றேன் நான். "அக்கா முன்னுக்குப் போறா. நீ எடு."