'குணம்' என்று எழுதிய கை

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பு லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டி எடுத்துப்போகக் கூடாது. ஒரு காலை, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் வீரையா அண்ணன் பால் வாளி நிறையச் சோற்றோடு அந்தக் கேட்டில் பிடிபட்டார்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசருக்கு உதவியாள். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நோயாளி புத்தகத்தில் பேரும் நோயின் நிலையும் எழுதுவது என் வேலை. எழுதியதை மூன்று தடவை சரிபார்ப்பேன், அவ்வளவு பயம். செய்தி கேட்டு ஓடினேன்.

காவலரின் துப்பாக்கி அண்ணன் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுற சனத்துக்கெல்லாம் பசிக்குமே தம்பி, அதான் வாரத்து அரிசி பூராவையும் ஆக்கிட்டேன்."

அவர் மனைவி அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். "அன்னைக்கே வந்து சொன்னேனே தம்பி. ஏழு நாளா கண்ணே மூடலன்னு."

சொன்னார்தான். முந்தின மாதம் முழுக்க அண்ணன் பாயைவிட்டு எழவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராத சோம்பேறி என்று, வேலை வாங்கும் மண்டோர் ஏசினார். பிறகு திடீரென்று எழுந்து இரண்டு ஆள் பங்கு மரங்களைத் தனியாக வெட்டினார். "ஆளு தேறிட்டான்லா" என்றார் மண்டோர். நானும் சந்தோஷப்பட்டு, புத்தகத்தில் 'குணம்' என்று எழுதினேன். அக்காவிடம், "வேலைதான் செய்யிறாரே, விடுங்கக்கா" என்றேன்.

டிரசர் அந்தப் புத்தகத்தைக் கேட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். புரட்டினோம். முந்தின இரண்டு வருடமும் மரங்கள் இலை உதிர்க்கும் அதே மாதத்தில் அதே பேர், அதே 'குணம்'. எல்லாம் என் கையெழுத்து.

டிரசர் அதைக் காட்டி, இது வருடாவருடம் வரும் நோய் என்று மன்றாடியதால் சிறைக்கு அனுப்பாமல் மனநோய் ஆஸ்பத்திரிக்கு லாரி ஏற்றினார்கள். எட்டு மாதம் கழித்து, அங்கே பார்த்த வைத்தியத்தில் நினைவு மங்கி வந்தவர் என்னிடமே என் பேரைக் கேட்டார்.

பிற்காலத்தில் சிரம்பான் பட்டணத்தில் ஒரு டாக்டர் விளக்கினார். படுக்கப் போட்டதும் பறக்க விட்டதும் ஒரே நோய்தானாம். சோம்பலும் இல்லை, பேயும் இல்லை, மூளைக்குள் நடக்கும் கோளாறு. சில குடும்பங்களில் ரத்தவழி வரும். கவனிக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப வரும், இடைவெளியும் குறையலாம். ஆரம்பத்திலேயே வைத்தியம் பார்த்தால் பலருக்குக் கட்டுக்குள் இருக்கும். கேட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வீரையா அண்ணனின் மகளுக்குத் தூக்கம் கெட்ட முதல் வாரமே அஞ்சலை அக்காவோடு நானும் சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். அந்தப் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படுத்தவர் எழுந்துவிட்டார் என்றால், ராத்திரி தூங்குகிறாரா என்று வீட்டில் கேளுங்கள். அதற்கப்புறம் எழுதுங்கள்.