ஓரிதழ்தாமரையை நான் மருந்தென்று சொல்லவில்லை

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறேன். கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டும் முத்தம்மாள் அக்காதான், ஊதா நிறத்தில் ஒற்றை இதழோடு பூக்கும் ஓரிதழ்தாமரைச் செடியைக் காட்டிலிருந்து பிடுங்கி வந்து தந்தார்.

"காயவச்சுப் பொடி பண்ணி, பால்ல போட்டுக் குடி தாயி. கட்டாயம் தங்கும்."

மழைக்காலம் முடிவதற்குள் நாள் தள்ளிப்போனது. "நிப்பாட்டிறாத, குடிச்சுக்கிட்டே இரு" என்றார் அக்கா. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வேற மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காட்டுச் செடியை மருந்தென்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது.

அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் பொடியைப் பற்றிச் சொன்னேன். "அதனாலதான் கலைஞ்சதுன்னு சொல்ல முடியாதும்மா. அதனாலதான் தங்குச்சுன்னும் சொல்ல முடியாது. மாசமா இருக்கவங்களுக்கு அது ஒத்துக்குமான்னு இன்னும் யாரும் சரியா ஆராய்ஞ்சு பாக்கல. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன்" என்றார்.

அக்காவைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவரும் என்னோடு அழுதார். இல்லை என்று சொன்ன என் வாய் மேல்தான் ஆத்திரம்.

இப்போது டாக்டரிடம் கஷாயம், பொடி எதையும் மறைப்பதில்லை. கம்பெனியில் புதிதாகக் கல்யாணமான பெண்கள், "ஒங்களுக்கு அந்தப் பொடியிலதான தங்குச்சு? எங்கன கிடைக்கும்க்கா?" என்று வருகிறார்கள்.

தங்கியதை மட்டும்தான் கேட்கிறார்கள். தங்காமல் போனதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.