ஞாயிற்றுக்கிழமை ஓடாத மோட்டார்

"ஏனுங்க மேடம், நான் இந்தியாவுல இல்லீன்னு இந்தியாவுக்கு எப்படிங்க சொல்றது?"

ஜாம்பியாவிலிருந்து மோகன்ராஜ் என்னிடம் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய வேலை முடிந்துவிட்டது. கேள்வி மட்டும் என் மேசையிலேயே இருக்கிறது.

ராசிபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மகள் யாழினி பிறந்தபோது ஒரு வருடம் விடுப்பு எடுத்துவிட்டு மறுபடி சேர்ந்தேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். "இந்த வேலைக்கு இது நல்ல குணம்மா" என்றார் எங்கள் ஆடிட்டர். அது பாராட்டுதானா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இப்படிப்பட்ட நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவலாம்.

1. முப்பது நாள்

மோகன்ராஜ் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். சொந்த ஊர் நாமகிரிப்பேட்டைப் பக்கம். ஒன்றரை வருடமாக ஜாம்பியாவில் கிணறு துளைக்கிறார். ஊரில் அவருடைய வீடு கதவுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. மேலே கான்கிரீட் போட வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு அந்த வருடத்து வருமானவரி ரிட்டர்ன், வெரிஃபை ஆன ரசீதோடு வேண்டும் என்று வங்கி மேலாளர் சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்குள் கூரை போடாவிட்டால் அப்பாவும் அம்மாவும் இன்னொரு மழைக்காலத்தைத் தகரக் கொட்டகையில் கழிக்க வேண்டும்.

ஜூலைக் கடைசியில் நான் ரிட்டர்னைத் தாக்கல் செய்தேன். தாக்கல் செய்தால் மட்டும் போதாது. முப்பது நாளுக்குள் அதை வெரிஃபை செய்ய வேண்டும். அதற்கு ஆதாரில் பதிவான கைபேசி எண்ணுக்கு ஓர் ஓடிபி வரும். அதை இணையதளத்தில் போட்டால் முடிந்தது. போடாவிட்டால் தாக்கலே செய்யாததாகிவிடும். முந்தைய வருடங்களில் அவர் ஊரில் இருந்தார், ஒரு நிமிட வேலையாக முடிந்தது. வெளிநாட்டிலிருந்து செய்வது இதுதான் முதல் முறை.

ஆதாரில் இருந்தது அவருடைய பழைய ஊர் எண். அங்கே அவரிடம் இருந்தது ஜாம்பியா சிம்.

"சார், பழைய சிம் எங்க இருக்குதுங்க?"

"அப்பாகிட்ட குடுத்துட்டு வந்தனுங்க. பத்திரமா இருக்கும்."

பத்திரமாக என்ற சொல்லைக் கேட்டதும் நான் நிம்மதியடைந்துவிட்டேன். முதல் தவறு அதுதான்.

2. நூற்றெண்பது அடி வரை இசை

நெட்பேங்கிங் வழியாகவும் வெரிஃபை செய்யலாம். அதற்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பலாம். அவர் கையெழுத்துப் போட்டு வாட்ஸப்பில் படம் அனுப்பினார். "ஒரிஜினல் போகோணும்மா" என்றார் ஆடிட்டர். மோகன்ராஜ் இருந்த சைட்டிலிருந்து கூரியர் கடைக்கே ஒரு நாள் பயணம்.

சரி, உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். கட்டணமில்லாத எண் வெளிநாட்டிலிருந்து போகவில்லை. இன்னொன்று போனது. போய், இசையாக நின்றது. அவருக்குக் காலை வேலை நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டி மேல் வைத்துவிட்டுத் துளைக்க ஆரம்பித்திருக்கிறார். அன்று எனக்கு அவர் சொன்ன கணக்கு இது:

"நூத்தியெம்பது அடி வரைக்கும் மியூசிக்குங்க மேடம். அதுக்கப்பறம் பாறை வந்துச்சு. பாறையில ஒரு அம்மா எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"நீங்கதான் பேசறீங்கன்னு உறுதி பண்ணோணும், உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கறோம், சொல்லுங்கன்னாங்க. அது வராமத்தானுங்க கூப்பிடறேன்னேன். அதைச் சொன்னாத்தான் சார் மேல பேச முடியும்னாங்க. நல்ல அம்மாதானுங்க, பொறுமையாத்தான் சொன்னாங்க. நானும் நன்றின்னு வெச்சுட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் எரநூத்திப் பத்துல தண்ணி வந்துருச்சுங்க."

அன்றுதான் அந்த முதல் கேள்வியைக் கேட்டார்.

3. மெசேஜே வருவதில்லை

அவருடைய அப்பா பெரியசாமி ஐயாவுக்குப் போன் செய்தேன். அவரிடம் பட்டன் போன்.

"ஐயா, தம்பியோட பழைய சிம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சாமி. பத்திரமா வெச்சிருக்கறேன். மாசம் தவறாம ரீசார்ஜ் போட்டுட்டு வாரேன்."

"அதுல மெசேஜ் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"அதுல எங்கீங்க மெசேஜு? ஒண்ணும் வர்றதில்லீங்க."

சிம் இருக்கிறது, ரீசார்ஜ் இருக்கிறது, மெசேஜ் வரவில்லை. அப்படியானால் துறைதான் அனுப்பவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது தவறு. அதற்காகத் துறையிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் ஒவ்வொரு முறையும் சரியாகவே அனுப்பியிருக்கிறார்கள்.

எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதற்கே போன் செய்தேன். ஒரு மணி அடித்துக் கட் ஆனது. மறுநாளும் அப்படியே. பூட்டை இழுத்துப் பார்ப்பது போல இது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அலுவலகம் வந்து கணினியைப் போட்டதும் ஒரு தடவை, யாழினியை அழைத்து வரக் கிளம்பும்போது ஒரு தடவை. வாடிக்கையாளர் விஷயத்தில் அக்கறையாக இருக்கிறோம் என்ற திருப்தி வேறு.

4. பேய்க்கு விடுமுறை

இருபத்தாறாம் நாள் பெரியசாமி ஐயாவே அலுவலகத்துக்கு வந்தார். கடன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத்தான் வந்தார். ஆனால் முகம் வேறு ஏதோ கவலையில் இருந்தது. ஆடிட்டர் உட்காரச் சொன்னார்.

"என்னங்க பெரியசாமி, ஒடம்புக்கு ஆகலீங்களா?"

"ஒடம்பு நல்லாருக்குதுங்க. மோட்டாருக்குத்தான் ஆகல. தானா ஓடுதுங்க."

"தானாவா?"

"நான் களத்துல நின்னுட்டிருக்கறேன், அது பாட்டுக்குக் கெணத்து மேட்டுல ஓடுது. நான் கவனிச்சு அணைக்கறதுக்குள்ள குச்சிக்கெழங்குப் பாத்தி ரொம்பிப் போகுதுங்க. லைன்மேனக் கூட்டியாந்து காட்டிட்டேன். லைன்ல கோளாறில்லீங்கறான். பொம்பளைங்க காத்துக் கருப்புங்கறாங்க. கோழி ஒண்ணு சுத்திப் போட்டாச்சு."

"எப்பெப்ப ஓடுதுங்க?"

"அதுதானுங்க அதிசயம். காத்தால பத்தேகாலுக்கு ஒருக்கா, சாயங்காலம் நாலரைக்கு ஒருக்கா. கடியாரம் வெச்ச மாதிரி. ஞாயித்துக்கெழம மட்டும் ஓடறதில்லீங்க."

ஆடிட்டர் சிரித்துவிட்டார். "பேய்க்கு ஞாயித்துக்கெழம லீவுங்களா?"

நான் சிரிக்கவில்லை. பத்தேகால், நாலரை. கைபேசியை எடுத்து, நான் போன் செய்திருந்த நேரங்களைப் பார்த்தேன்.

"ஐயா, மோட்டார எப்படிங்க போடுவீங்க?"

"பொட்டி மாட்டியிருக்கறனுங்க. போன் அடிச்சா மோட்டார் ஓடும், மறுக்கா அடிச்சா நின்னுக்கும். இந்தக் காலத்துல ஆருங்க வெயிலுக்கும் மழைக்கும் கெணத்துக்கு நடக்கறது?"

"அந்தப் பொட்டிக்கு என்ன நம்பருங்க?"

பத்து எண்ணையும் ஒரு மூச்சில் சொன்னார். ஏழாவது எண்ணிலிருந்து நானும் மனதுக்குள் கூடவே சொன்னேன்.

"தம்பி சிம்ம அதுக்குள்ளயா போட்டிருக்கறீங்க?"

"பின்னே? ஊட்டுல வெச்சாத் தொலஞ்சு போகும். அது பூட்டுப் போட்ட பொட்டியாச்சே. அதவிடப் பத்திரமான எடம் ஏதுங்க சாமி?"

மெசேஜ் வருவதில்லை என்று அவர் சொன்னதும் உண்மைதான். மோட்டாருக்கு வந்ததை அவர் எப்படிப் படிப்பார்? இருபத்தாறு நாளாக ஓடிபிகள் எல்லாம் கிணற்று மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். என் கைபேசியைப் பார்த்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

5. கிணற்று மேட்டில்

மறுநாள் சனிக்கிழமை. மாமியார் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் யாழினியையும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஜாம்பியாவில் விடிந்ததும் ரிக் வண்டி மேல் உட்கார்ந்து, கைபேசியில் இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தார் மோகன்ராஜ். வாட்ஸப் வீடியோவில் அப்பாவும் மகனும் தயார்.

"ஏனப்பா, என்ற சிம்ம மோட்டாருக்கா போட்டீங்க?"

"நீ போயி ஒண்ணர வருசமாச்சு, சும்மா வெச்சுட்டு ரீசார்ஜ் போடறதுக்கு ஒரு வேலையாச்சும் செய்யட்டும்னு போட்டேன். நீதான் ஊட்டுக்கு ஒண்ணும் பண்றதில்ல, உன்ற சிம்மாச்சும் தண்ணி கட்டட்டும்."

"பண்ணாமத்தான் கான்கிரீட்டுக்கு லோன் போடறனா?"

"அந்த லோன் வராதக்குத்தான்டா இந்தக் கூத்து!"

பூட்டைத் திறந்து, சிம்மைக் கழற்றி, பெட்டி மேல் வைத்தார். அதற்குள் யாழினி அதை எடுத்துவிட்டாள். அவள் கைக்குப் போனது அடுத்து வாய்க்குப் போகும். நான் போட்ட சத்தத்தில் அவள் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். பெரியசாமி ஐயா நிதானமாக வரப்பிலிருந்து ஒரு சாமந்திப் பூவைப் பறித்து நீட்டினார். "சாமி, இத வெச்சுக்க. அத எனக்குக் குடு." அவள் இரண்டையும் பார்த்தாள். பூதான் பெரியது. கொடுத்துவிட்டாள்.

சிம்மை அவருடைய பட்டன் போனில் போட்டோம். மெசேஜ் வைக்க இடமில்லை என்றது போன். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் என் விரலைத் தடுத்தார்.

"மத்ததெல்லாம் அழிங்க. அத மட்டும் உட்டுருங்க."

ஆங்கில எழுத்தில் 'அப்பா வந்து சேந்துட்டேன்' என்றிருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. விட்டுவிட்டேன்.

முதலில் வந்தது ரீசார்ஜ் விளம்பரம். இரண்டாவது ஓடிபி. நான் படிக்கிறேன் என்று சொல்வதற்குள் பெரியசாமி ஐயா போனை வாங்கி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, ஆப்பிரிக்காவுக்குக் கேட்க வேண்டுமே என்று ஆறு எண்ணையும் கத்தினார். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் ஓதுகிறவள் நான். அன்று அந்த எண் நாமகிரிப்பேட்டைக் கடைவீதி வரை கேட்டிருக்கும்.

"ஆயிருச்சுங்க மேடம்! பச்சை டிக் வந்துருச்சு!" என்று மோகன்ராஜும் கத்தினார்.

எனக்கு அழுகை வந்தது. அதை யாழினி பார்த்துவிட்டுப் பூவை என்னிடம் கொடுத்தாள்.

அதே நேரம் கிணற்று மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. "த்ரீ பேஸ் கரண்டு வந்துருச்சு. சிம்மக் குடுங்க சாமி, தண்ணி கட்டோணும்" என்று வாங்கி மறுபடி பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

கற்றது

சிம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எதற்குள் இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் படிவத்தில் இப்போது அப்படி ஒரு வரி இருக்கிறது. ஆடிட்டர் தன் கையாலேயே சேர்த்தார்.

கடன் வந்தது. மழைக்கு முன் கான்கிரீட்டும் போட்டாயிற்று. போன வாரம் பெரியசாமி ஐயா ஒரு பை குச்சிக்கிழங்கோடு (மரவள்ளி) வந்தார்.

"பேய் தண்ணி பாச்சுன பாத்தீல வந்ததுங்க. ரெண்டு வரிசை அழுகிப் போச்சு, நல்லதாப் பாத்து எடுத்தாந்தேன். அன்னைக்கு உங்க கொழந்த கால் பட்டுதுல்லீங்க, அதோட பேய் போயிருச்சு. அதுக்கப்பறம் ஒரு நாளும் தானா ஓடலீங்க."

நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேகவைத்துக் கொடுத்ததும் யாழினி இன்னொரு துண்டு கேட்டாள்.

படிப்பவர்களிடம் இரண்டு யோசனை கேட்கிறேன். மோகன்ராஜ் இணையதளத்தில் ஜாம்பியா எண்ணைப் பதிந்துவிட்டார். ஆனால் ஆதாரில் இந்திய எண்தான் இருக்க முடியும், அது மோட்டாருக்குள் இருக்கிறது. வேறு சிம் வாங்கிப் போடுங்கள் என்றால், "இந்த நம்பர்தானுங்க எங்க எல்லாருக்கும் மனப்பாடம்" என்கிறார் பெரியசாமி ஐயா. அடுத்த ஜூலைக்கு என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தப் பேய் நான்தான் என்று அவரிடம் சொல்லிவிடலாமா? அழுகிய இரண்டு வரிசையை நினைத்தால் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. என் மகளின் காலை நினைத்து அவர் நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் வேண்டாம் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். போன் மட்டும் செய்ய வேண்டாம். இப்போதெல்லாம் மணி அடித்தாலே எங்கோ ஒரு பாத்தி நிரம்புகிற மாதிரி இருக்கிறது.