ஆமாம் என்றால் நோ

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு நூறு கேள்விகள் கொடுத்திருந்தார்கள். நேர்காணலில் அதிலிருந்து பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். பாளையங்கோட்டை கான்வென்ட்டில் எல்லா வகுப்பிலும் முதல் ரேங்க் வாங்கியவள் நான். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் தோற்கக் கூடாத தேர்வு அது. நேர்காணல் தேதிக்கும் என் மகளின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கும் நடுவில் ஏழே வாரம். மூன்று வயதில் இங்கே வந்தவள், கிரீன் கார்டில் இருப்பவள். பதினெட்டு ஆவதற்குள் நான் தேறி, குடியுரிமை உறுதிமொழியும் எடுத்துவிட்டால், என்னோடு அவளும் தானாகவே குடிமகள். ஒரு நாள் தாண்டினாலும் அவள் தனியாக விண்ணப்பித்து, தனியாகக் காத்திருக்க வேண்டும். நான் தோற்றால் மறுவாய்ப்பு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். கணவரை நம்பவும் வழியில்லை. புராஜெக்ட் என்று சென்னையில் நெடுநாள் தங்கியதால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, இங்கே இருந்த நாட்கள் அவருக்குப் போதவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு மனப்பாடம். ஒன்று முதல் நூறு வரை நோட்டில் எழுதினேன். என் குரலிலேயே போனில் பதிவு செய்து, நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து மருத்துவமனை லேபுக்கு வேலைக்குப் போகும்போது ஃப்ரீவேயில் ஓடவிட்டேன். பத்தே நாளில் கடகடவென்று ஒப்பித்தேன். பெருமையாக மகளிடம் நோட்டை நீட்டினேன்.

அவள் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். ஜனாதிபதியை எத்தனை வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்? திருதிருவென்று முழித்தேன். முந்தின இரண்டு பதில்களை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு இது வரும்.

"யூ டோன்ட் நோ தி ஆன்சர்ஸ், அம்மா. யூ நோ தி ஆர்டர்."

உண்மை என்பதால் கோபம் வந்தது. நோட்டை அவளே கத்தரித்து நூறு சீட்டாக்கினாள். கலைத்துப் போட்டுப் படிக்க வேண்டும். தெரிந்தது பிஸ்கட் டப்பாவுக்குள், தெரியாதது அடுப்பு மேடைமேல். சாம்பார் கொதிப்பதற்குள் நாலு சீட்டு. பதில் சொன்னால் மட்டும் விடமாட்டாள், ஏன் என்றும் கேட்பாள். மாநிலத்துக்கு இரண்டு பேர் என்று புரிந்த பிறகு, செனட்டர்கள் நூறு பேர் என்பது எனக்கு மறக்கவே இல்லை. இரண்டு வாரத்தில் மேடை காலி.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நாம் அனுப்பிய விண்ணப்பத்தையும் நேர்காணலில் வரிவரியாகக் கேட்பார்கள். மகள் என் பிளேசரை மாட்டிக்கொண்டு, டைனிங் டேபிளுக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்தாள்.

"யூ ஹேவ் நெவர் பீன் அரெஸ்டட்?"

"யெஸ்" என்றேன், தலையையும் ஆட்டி.

"அம்மா! யூ ஜஸ்ட் கன்ஃபெஸ்டு!"

"நீங்க நேத்து வரலதானே?" என்று நம் ஊரில் கேட்டால் "ஆமா" என்போம். நீங்கள் சொல்வது சரி, நான் வரவில்லை என்று அர்த்தம். இங்கே அந்த ஆமாம், கைதாகியிருக்கிறேன் என்று ஆகிவிடுகிறது. மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஜெயிலுக்குப் போனேன்.

"நான் ஒரு தப்பும் பண்ணலையேடி!" என்று கத்தினேன். ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட வாங்காதவள் நான்.

"தென் சே தட். ஃபுல் சென்டன்ஸ், அம்மா."

அதன்பின் வீட்டில் வெறும் யெஸ், வெறும் நோ இரண்டுக்கும் தடை. பால் தீரலையா என்று கேட்டால்கூட முழு வாக்கியம். ஃப்ரீவேயில் இப்போது பழைய பதிவுக்குப் பதில் மகளின் குரல் கேள்வி கேட்டது. நான் ஸ்டீயரிங்கிடம் என் நிரபராதித்தனத்தை விளக்கிக்கொண்டே போனேன்.

நேர்காணலில் முதல் ஆறு கேள்வியும் சரி. அதிகாரி அத்தோடு நிறுத்திவிட்டார். பிறகு படிவத்தைப் புரட்டியபடி, சாதாரணமாக, இதை அனுப்பிய பிறகு நீங்கள் கைதாகவில்லையே என்று கேட்டார். தொண்டை வரை யெஸ் வந்துவிட்டது. தலையும் ஆடத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்தினேன்.

"நோ சார், ஐ ஹேவ் நாட் பீன் அரெஸ்டட்."

அவர் ஒரு டிக் போட்டார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு உறுதிமொழி. வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டார்கள். பழைய நாட்டின் மீதான விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வரி வந்தது. அதற்கு யாரும் என்னைத் தயார் செய்திருக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து சொன்னேன்.

திரும்பும்போது மகள்தான் ஓட்டினாள். இப்போது அவளும் குடிமகள். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனாலும் ரத்து செய்ய அனுப்ப வேண்டிய என் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தேன். சிக்னலில் நின்றபோது அவள் அதைப் பார்த்தாள்.

"யூ ஆர் நாட் சேட், அம்மா?"

"யெஸ்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஃபுல் சென்டன்ஸ், அம்மா" என்றாள், மெதுவாக.

"யெஸ், ஐ ஆம் சேட்."

அந்த வாக்கியத்தை நாங்கள் பயிற்சி செய்ததே இல்லை. திக்காமல் வந்தது.